சைக்கிளை விட்டு இறங்காதவர்

பிள்ளைகளே, அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். நீங்கள் இதைப் படித்துவிட்டு அவர்களிடம் போய் ஒரு சொல் கேட்கக் கூடாது. ஊரில் எல்லாரும் அவரைச் சைகோன்காரர் என்றார்கள். கப்பலேறிப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குப் போய்விட்டு வந்தவர்கள் நம் கொம்யூன் ஊர்களில் பத்துப் பேராவது இருப்பார்கள். அதனால் அந்தப் பட்டத்தை மட்டும் எழுதினால் குற்றமில்லை.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஒரு கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வாய்க்கால் கரையில் சைக்கிளில் வருவார். யாராவது கைகாட்டினால் நிறுத்துவார். இடது காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார், வலது கால் பெடலிலேயே இருக்கும். தலையில் சைகோன் தொப்பி, கைப்பிடியில் மருந்துப் பெட்டி. நாம் நம் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிப்போம். பாதி சொல்வதற்குள் ஒரு கண்ணைச் சுருக்கி, மோவாயைத் தூக்கி, "தெரியுது, தெரியுது. பாத்தாலே தெரியுது" என்பார். நோயின் பெயர் வந்துவிடும். மருந்து வந்துவிடும். மணி அடித்துக்கொண்டு அவர் போய்விடுவார்.

சைகோனில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். டாக்டராக இல்லை. படுக்கை போடுவது, புண் கழுவுவது, மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுப்பது. அதை அவரே மறைத்ததும் இல்லை, நாங்கள்தான் மறந்துவிட்டோம். பாகூரிலிருந்து நம் ஊர் வரைக்கும் வைத்தியத்துக்கு வேறு ஆள் கிடையாது. நல்ல டாக்டர் வேண்டுமென்றால் வண்டி கட்டிப் புதுச்சேரி போக வேண்டும், அல்லது ஆற்றைத் தாண்டி பிரிட்டீஷ் பக்கத்துக் கடலூர் போக வேண்டும்.

அவரிடம் யாரும் எதையும் கேட்கலாம். காய்ச்சல், பேதி, மாட்டுக்கு மடிவீக்கம், எங்கே கிணறு வெட்டலாம், சைகோனுக்குக் கடுதாசி எத்தனை நாளில் போகும். எதைக் கேட்டாலும் பதில் உண்டு. 'தெரியாது' என்று அவர் சொல்லி நான் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள் காலையில் எழுந்தால் வாந்தி எடுத்தாள். வாசலில் சைக்கிளை நிறுத்தி, உள்ளே நின்றவளைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "பித்தம்" என்றார். அவளுக்கு ஒரு மாதம் கசப்புத் தண்ணீர். அந்தப் பித்தம் ஐப்பசியில் ஆண் குழந்தையாகப் பிறந்தது. இன்றைக்கும் அவனைப் பித்தம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான். ஊரே சிரித்தது. சைகோன்காரரும் கூடச் சிரித்தார். "பித்தமும் இருந்துச்சி, புள்ளையும் இருந்துச்சி" என்றார்.

இன்னொரு சமயம் சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு விதவை, மகன் இருக்கும் பட்டாளத்திலிருந்து வந்த பிரெஞ்சுக் கடுதாசியை எடுத்துக்கொண்டு வந்தாள். சைக்கிளில் நின்றபடியே மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "ஒம் மவன் வர்றான். சித்திரையில வூட்டுக்கு வர்றான்" என்றார். அந்தம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பெண் பார்த்து வைத்தாள். சித்திரை போயிற்று, ஆனியும் போயிற்று. பிறகு கொம்யூன் மேர் ஆபீஸ் குமாஸ்தாவிடம் காட்டினால், அந்தப் பையனை இன்னும் தூரத்தில் இருக்கிற ஒரு கோட்டைக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான் சேதி. அந்தம்மா கடுதாசியை மடித்துக்கொண்டு நடந்து போனதை நான் பார்த்தேன். பத்தில் ஒரு வார்த்தை படிக்கத் தெரிந்தவர், மீதி ஒன்பதையும் தானே போட்டு நிரப்பினார். அன்றைக்கே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவன் ஆவேன். வாந்திபேதி கண்ட வருஷம் கூலிக்காரர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பிணம். எங்கள் தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். நானும்தான். அவர் மட்டும் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்து போனார். தன் கையால் கழுவினார், துடைத்தார், சுண்ணாம்பு தெளித்தார். எட்டு நாள் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டில் கூலி வேலை செய்த அந்தோணியின் இரண்டு பிள்ளைகளும் அவரால் பிழைத்தவர்கள். கைவேலைக்கு அவர் இறங்குவார். யோசிப்பதற்குத்தான் இறங்க மாட்டார்.

இப்போது சின்னான் சங்கதிக்கு வருகிறேன்.

சின்னான் எங்கள் நாய். செவலை நிறம், ஒரு காது மடிந்து கிடக்கும். எனக்குப் பின்னால் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை பிறக்கவில்லை என்று அதற்கு அந்தப் பெயர் வைத்தேன். கரும்புக் கொல்லைக்கு நரி வராமல் பார்த்துக்கொண்டது அதுதான். நான் வரப்பில் துண்டை மறந்துவிட்டு வந்தால், கவ்விக்கொண்டு சேற்றில் இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போடும். துண்டு துவைத்தாலும் தேறாது. நான் திட்டுவேன். திட்டும்போது அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாலை ஆட்டும். அந்த வருஷம்தான் உங்கள் அம்மா ஆற்றுக்கு அந்தாண்டையிலிருந்து கல்யாணமாகி வந்தாள். பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டு அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அவள் பக்கத்தில் தாடையைத் தரையில் வைத்துக்கொண்டு படுத்திருந்ததும் அதுதான்.

தை மாதம். எங்கள் ஊர்க் கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் பாகு திரண்டு வந்ததும், கரும்பை நீளவாக்கில் பிளந்து, அந்தப் பாகில் தோய்த்து, தண்ணீரில் காட்டி, கடித்துத் தின்பது நம் பக்கத்து வழக்கம். அன்றைக்கு எல்லாரும் தின்றோம். சின்னானும் வந்து நின்றது. ஒரு துண்டை அதற்கும் போட்டேன். கடைவாயில் வைத்து மொடுக் மொடுக்கென்று கடித்தது.

மறுநாள் காலையில் அதற்கு வாய் மூடவில்லை. பாதி திறந்தபடியே இருந்தது. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. நான் கிட்டே போனேன். உங்கள் தாத்தா கத்தினார்.

"டேய், தொடாதடா! பக்கத்து ஊருல போன வருசம் இன்னா ஆச்சின்னு தெரியுமில்ல?"

தெரியும். பக்கத்து ஊரில் நாய் கடித்த ஒரு ஆள், தண்ணீரைப் பார்த்தால் அலறி அலறிச் செத்தார். அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்தது. பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை.

ஆலைக்குப் போகிற வழியில் சைகோன்காரர் வந்தார். கூட்டம் கூடியிருப்பதைப் பார்த்து நிறுத்தினார். இடது கால் தரையில், வலது கால் பெடலில். நாய்க்கும் அவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நிற்கலாம், அவ்வளவு தூரம்.

"தண்ணி காட்டு" என்றார்.

சட்டியில் தண்ணீர் வைத்தேன். சின்னான் வேகமாக வந்தது. அதற்குத் தாகம். மூஞ்சியைத் தண்ணீரில் விட்டது, விழுங்க முடியாமல் புரைக்கேறி, முனகிக்கொண்டு பின்னால் போனது.

"பாத்தியா? தண்ணியக் கண்டு பயப்படுது. வெறிதான். ஊமை வெறி. பாத்தாலே தெரியுதே."

கூட்டம் நாலடி பின்வாங்கியது. நான் சொன்னேன்: "ஐயா, நேத்து ஆலையில பாகுக் கரும்பு கடிச்சிதுங்க. பல்லுல கில்லுல ஏதாவது மாட்டிக்கினு…"

"கரும்பு தின்னா வெறி வருமா இன்னா? அப்படின்னா இந்த ஊருலயே மொதல்ல ஒனக்குத்தான்பா வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பயத்திலிருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு வழி கிடைத்தது. பிள்ளைகளே, இன்றைக்கு வரைக்கும் என்னால் என்னை மன்னிக்க முடியாத இடம் இதுதான். நான் சொன்னது சரி. நாலு பேர் சிரித்ததற்காக அதை விட்டுவிட்டேன்.

விடாதவள் உங்கள் அம்மா. கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகாத பெண், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் வந்து நின்றாள்.

"கடலூருல மாட்டு டாக்டர் இருக்காருங்க. எங்கப்பா காளைக்குப் பாத்தவரு. ஆத்துல இப்ப மணல்தான், வண்டி கட்டினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"பிரிட்டீஷ் பொண்ணு பிரிட்டீஷ் டாக்டரத்தான் சொல்லும்" என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னான். மறுபடியும் சிரிப்பு.

சைகோன்காரர் சிரிக்கவில்லை. "வெறி நாய வண்டியில ஏத்தினா வண்டி மாட்டுக்கும் வரும்மா. சுங்கச்சாவடியில பாத்தான்னா வண்டிய புடுங்கிக்கினு ஒம் புருசனை உள்ள வெச்சிடுவான். எனக்குத் தெரியும்" என்றார்.

அப்படி ஒரு சட்டம் இருந்ததாக நான் பிற்பாடு எங்கும் கேள்விப்படவில்லை.

"அப்ப கட்டிப் போட்டு நாலு நாளு பாக்கலாமே" என்றாள் அவள்.

"நாலு நாளுல இந்தத் தெருவுல எத்தினி புள்ளைங்க மிஞ்சும்னு சொல்லு, கட்டிப் போடலாம்."

பல வருஷம் கழித்துப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். சந்தேகம் வந்தால் நாயைக் கட்டிப் போட்டுப் பத்து நாள் பார்ப்பதுதான் முறையாம். படிக்காத பெண் சொன்னது டாக்டர் சொன்னதாக இருந்தது. பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவர் சொன்னது எதிலும் இல்லை.

பன்றி சுடுவதற்கு மேலத்தெருவில் ஒருவர் துப்பாக்கி வைத்திருந்தார். அவருக்கு ஆள் போயிற்று. கயிறு போட நான்தான் போக வேண்டும், என்னிடம்தான் வரும். கூப்பிட்டதும் வந்தது. வந்து, திறந்த வாயை என் கைமேல் கொண்டுவந்து வைத்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். மறுபடியும் வைத்தது. முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துக் காட்டிவிட்டு மூன்றாம் தரமும் வைத்தது. பார் என்று அது சொன்னது. அதற்கு எப்படிச் சொல்ல வருமோ அப்படிச் சொன்னது. நான் கழுத்தில் கயிற்றைப் போட்டு ஏரிக்கரைப் பனைமரத்தில் கட்டிவிட்டு வந்தேன். துப்பாக்கிக்காரர் வரும்வரை அது என் பக்கமே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எழுத மாட்டேன்.

குழி தோண்டியது அந்தோணி. ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும் என்று உத்தரவு. நான் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"சின்ன ஐயா, இங்க வந்து பாருங்க."

"மூடுடா அந்தோணி. எனக்குப் பாக்க வாணாம்."

"பாருங்க ஐயா. வாயில இன்னாமோ குறுக்கால நிக்குது."

போனேன். ஒரு குச்சியால் வாயைத் தூக்கிப் பிடித்திருந்தான். மேல்வாயில், இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில், அண்ணத்தின் குறுக்கே, ஒரு பிளந்த கரும்புத் துண்டு. கட்டைவிரல் நீளம். பாகு இறுகிப் பல்லோடு ஒட்டியிருந்தது. அண்ணம் அறுந்து சிவந்திருந்தது. கரும்பு வெட்டும் கத்தி முனையை உள்ளே கொடுத்து அந்தோணி ஒரு நெம்பு நெம்பினான். துண்டு தெறித்து மண்ணில் விழுந்தது. அவ்வளவுதான். ஒரு நெம்பு. அந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

துண்டை ஒரு இலையில் எடுத்துக்கொண்டு நேரே ஆலைக்குப் போனேன். அந்தோணியையும் வரச் சொன்னேன். சைகோன்காரர் அங்கே இருந்தார். ஊரைக் காப்பாற்றியவருக்குச் செம்பு நிறையக் கரும்புச்சாறு கொடுத்திருந்தார்கள். சைக்கிளில் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்.

"இது சின்னான் வாயில குறுக்கால நின்னுதுங்க. வெறியில்ல ஐயா, இதான்."

இலையைப் பார்த்தார். வாங்கவில்லை. சாற்றை ஒரு மடக்கு குடித்தார்.

"சாவறப்ப கடிச்சிருக்கும்" என்றார். "வெறி நாய் கல்லு, கட்டை, எதக் கண்டாலும் கடிக்கும். இதுவே வெறிக்குச் சாட்சிதான்பா."

பாருங்கள், என் கையில் இருந்த சாட்சியை, அது என் கையில் இருக்கும்போதே தனக்குச் சாட்சியாக்கிக்கொண்டார்.

"காலையிலேருந்து வாய் மூடலியே ஐயா! அப்பவே இது உள்ள இருந்ததாலதானே?"

"அப்பவே வெறி."

சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள் என்பதைவிட, நம்ப விரும்பினார்கள். நான் சொன்னது நிஜமானால் காலையில் சிரித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் தாத்தா என் தோளைப் பிடித்தார். "வுடுடா. போன நாய் போச்சி. பெரிய மனுசன எதுத்துப் பேசாத."

"அந்தோணியக் கேளுங்க. அவன்தான் எடுத்தான். பல்லுல பாகோட ஒட்டிக்கினு இருந்துச்சி. சொல்லுடா."

எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அவன் சைகோன்காரரைப் பார்த்தான். இரண்டு பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவர். ஆலைக்காரர்களைப் பார்த்தான். நாளைக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள்.

"எனக்கு இன்னா தெரியும் ஐயா" என்றான் மண்ணைப் பார்த்துக்கொண்டு. "எனக்குத் தெரியாதுங்க."

அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிரத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வார்த்தையைக் காலையில் சொல்லியிருக்க வேண்டியவர் மேல்தான் கோபம். அதைச் சொல்வதால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? தொப்பி போயிருக்குமா? சைக்கிள் போயிருக்குமா? எனக்குப் பிடிபடவில்லை, இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் அவரை இன்னும் மதித்திருப்போம். தெரியாதது குற்றமில்லை. நம்மில் யாருக்கு எல்லாம் தெரியும்? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி, அந்தப் பேச்சை நம்பி இன்னொரு உயிர் போனால், அது குற்றம்தான். நாயின் உயிரானாலும் குற்றம்தான்.

இத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் வாசலில் மணிச் சத்தம். சைகோன்காரர். அன்றைக்கு அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியோடு உள்ளே வந்தார்.

"கயிறு போட்டப்ப ஒங்கையில எச்சில் பட்டிருக்கும்பா. நானு பாக்கணும்."

என் இரண்டு கைகளையும் பிடித்துக் கார்பாலிக் மருந்துத் தண்ணீரில் கழுவினார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உங்கள் அம்மாவிடம் ஒரு லோட்டா தண்ணீர் கேட்டு வாங்கி, என்னைத் தன் எதிரில் குடிக்கச் சொன்னார். குடித்தேன். விழுங்குவதைக் கவனித்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அந்த வெறியை அவர் மனதார நம்பினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நடிப்பில்லை. என்னைக் காப்பாற்றத்தான் வந்தார். இது என் கோபத்தைக் குறைத்ததா என்று கேட்டால், இல்லை. வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஆக்கியது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தண்ணீர் குடித்தபோது எனக்கு லேசாகப் புரைக்கேறியது. லோட்டாவைப் பிடுங்கி வைத்தார்.

"வாயத் தொற."

திறந்தேன். என் மோவாயைப் பிடித்து, கிழக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். குனிந்தார். நாக்கைக் கரண்டிக் காம்பால் அழுத்தி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அண்ணம், தொண்டை என்று பார்த்தார். பல் பல்லாகப் பார்த்தார். உங்கள் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார். "நல்லா இருக்குது."

"ஐயா" என்றேன். அவர் கை இன்னும் என் மோவாயில் இருந்தது. "இந்த மாதிரி ஒரு தரம் அதோட வாயப் பாத்தீங்களா?"

அவர் கண் சுருங்கவில்லை. மோவாய் மேலே போகவில்லை. கையை எடுத்தார். கரண்டியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பெட்டியை மூடினார். சைக்கிளில் ஏறாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

மறுநாளிலிருந்து அவர் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. ஆலைக்குப் போக வேண்டுமானாலும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். கல்யாணம், சாவு என்று எத்தனையோ இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். மழையைப் பற்றிப் பேசினார், உங்களைப் பற்றி விசாரித்தார். தப்பாப் போச்சிபா என்று ஒரு வார்த்தை, தனியாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார். அவருடைய பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

செத்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்கிறாள். நான் வைத்திருக்கிறேன்.